கிளெமென்ற் செய்யாத வேலைகள்

கட்டிலில் கிடந்த தாரிகாவின் உள்ளங்காலைக் கிளெமென்ற் மெல்லத் திருப்பிப் பார்த்தான். காய்ந்திருந்தது. விரல் இடுக்குகளைத் தடவினான். ஈரமில்லை, மண்ணில்லை. மற்றக் காலையும் பார்த்தான். வீக்கம் மட்டும் இருந்தது. பெருவிரலால் அழுத்திய இடம் குழிந்து, மெதுவாக மேலே வந்தது.

அறைக் கதவுக்கு அங்கால் முன்னறைத் தரை இன்னும் ஈரமாக மினுங்கியது. ஓரங்கள் மட்டும் காயத் தொடங்கியிருந்தன. பத்து நிமிடத்துக்கு முன்னர் யாரோ துடைத்துவிட்டுப் போனது போல.

“என்ன, காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்?” தாரிகா கண்ணைத் திறக்காமல் கேட்டாள். “மன்னிப்புக் கேக்கிறதெண்டா முகத்தைப் பாத்துக் கேளுங்கோ.”

“வீங்கியிருக்கோ எண்டு பாத்தனான்.”

“வீங்காமல்? முப்பத்தஞ்சு கிழமை. நீங்கள் ஒருக்காச் சுமந்து பாருங்கோ.”

“மத்தியானம் எழும்பினீரோ?”

“பாத்ரூமுக்கு ரெண்டு தரம். ஏன்?”

“சும்மா கேட்டனான்.”

அவன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரத்தில் கால் படாமல் சுவரோரமாகக் குசினிக்குப் போனான். காலையில் அவசரத்தில் விட்டுப் போன சட்டி, இரண்டு கோப்பைகள், தேநீர்க் குவளைகள், எல்லாம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. குவளைகளின் பிடிகள் ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தன.

இது ஒன்பதாவது நாள்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கிளெமென்றின் கையெழுத்து. புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஒரு சட்டத்தரணியிடம் பதினான்கு வருடம் கிளாக்காக இருப்பவனுக்கு, எழுதி ஒட்டாத எதுவும் நடக்கும் என்று நம்பிக்கை வராது. வழக்குப் பட்டியல் போலவே வேலைப் பட்டியலும் போட்டிருந்தான். இடது பக்கம் அவனுடைய பெயர்: கூட்டுதல், துடைத்தல், தேங்காய் துருவுதல், சமையல், சட்டி கழுவுதல், உடுப்புத் தோய்த்தல், மடித்தல், குப்பை. வலது பக்கம் தாரிகாவின் பெயர். அதன் கீழே ஒரே ஒரு வரி: பிள்ளையைச் சுமத்தல். பகிடிக்கு எழுதியது. தாரிகா அதைப் படித்துவிட்டு, “வேலை குறைவாத்தான் தந்திருக்கிறீங்கள், சம்பளம் எப்பிடி?” என்று கேட்டாள்.

உண்மையில் அது பகிடி அல்ல. நஞ்சுக்கொடி கீழே கிடக்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். குனியக்கூடாது, தூக்கக்கூடாது, படுத்தே இருக்க வேண்டும், இரத்தம் ஒரு பொட்டுக் கண்டாலும் ஓடி வர வேண்டும். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் மூன்று கிழமை கிடைத்தால் போதும் என்றார் டொக்டர். உதவிக்கு வர ஆளில்லை. தாரிகாவின் தாய், மகள் கோயிலை விட்டுத் தேவாலயத்தில் தாலி கட்டிய நாளோடு பேச்சை நிறுத்தியவர். கிளெமென்றின் அக்கா யோசெப்பின் கொட்டாஞ்சேனையில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவாள். மற்ற ஆறு நாளும் அவன்தான்.

அவனுக்கு இந்த வேலைகள் ஒன்றும் பழக்கமில்லை. கொட்டாஞ்சேனையில் அவனுடைய அம்மா மெற்றில்டா உயிரோடு இருந்த வரைக்கும், சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு அவன் இரண்டடி நடந்தால் போதும், கையில் இருந்து பறித்துவிடுவாள். முப்பத்தாறு வயதில் முதல் தடவையாகத் திருவலையில் குந்தியபோது தேங்காயை விட விரல் முட்டிகள்தான் அதிகம் துருவப்பட்டன. முதற் கிழமை சோறு ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் கல். தாரிகா அறைக்குள் படுத்தபடி தீர்ப்புச் சொல்லுவாள். “நேற்றைய சோறு பரவாயில்ல. சுவர் கட்ட ஆக்கள் கேட்டா, சாந்துக்குப் பதிலா அனுப்பலாம்.” ஒரு மாதத்தில் ஓரளவு கை வந்தது. சாறத்தை நீர் சொட்டாமல் பிழியப் பழகினான். தும்புத்தடியால் மூலையில் இருந்து கூட்டத் தொடங்கி வாசலுக்கு வர வேண்டும் என்பது தெரிந்தது. ஒவ்வொரு பின்னேரமும் நீலப் பேனையால் தாளில் ‘சரி’ போடும்போது, கோட்டில் ஒரு கோப்பு முடிந்த மாதிரி நெஞ்சு ஆறும்.

பிறகு ஒரு நாள் வீடு திரும்பியபோது கழுவாத சட்டிகள் கழுவியிருந்தன.

அன்று அவன் கேட்டிருக்க வேண்டும். தாரிகா எழும்பியிருக்கிறாள் என்றுதான் நினைத்தான். வேறு யார்? ஆனால் அன்று காலை எட்டு மணியில் இருந்து நின்றபடியே வேலை. கால் கடுத்தது. ஒரு நாள்தானே என்று தேநீரை ஊற்றிக்கொண்டு கதிரையில் சாய்ந்தான். போகிற போக்கில் தாளில் ‘சட்டி கழுவுதல்’ என்பதற்கு நேரே ‘சரி’யும் போட்டான். அடுத்த நாள் உடுப்பு மடித்திருந்தது. அதற்கும் போட்டான். மூன்றாம் நாள் கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது: அப்ப ஏன் ரெண்டு நாளும் ‘சரி’ போட்டனீங்கள் என்று அவள் கேட்டால்? எழும்பக்கூடாதவள் எழும்பி வேலை செய்கிறாள் என்று தெரிந்தும், கதிரையில் சாய்ந்திருந்தவன் யார்?

அதனால் கேட்கவில்லை. சனி ஞாயிறுகளில் அவன் வீட்டில் நின்றான். அந்த நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. தும்புத்தடி அவன் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஒன்பதாம் நாளில்தான் காலைத் திருப்பிப் பார்த்தான்.

குப்பைப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, இரண்டாம் மாடிக் கதவடியில் கீழ் வீட்டு ரபீக்கா அக்கா செருப்பைத் தேடிக்கொண்டு நின்றாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“தம்பி, ஒங்கட மிஸிஸ் குடுத்து வெச்சவ.”

“ஏன் அக்கா?”

“ஏனா? எங்கட மனிசனுக்கும் வந்து கொஞ்சம் படிச்சுக் குடுங்களே. கோட்டு வேலய உட்டுட்டு ஓடி வந்து, ஊட்டக் கூட்டித் தொடச்சி வெச்சிட்டுத் திரும்பிப் போறாரே, நீங்க குடிச்ச கோப்பயக்கூட நகத்தமாட்டீங்களே எண்டு நேத்தும் மனிசனுக்குச் சென்னேன். அதுக்கு அவரு என்ன சென்னாரு தெரியுமா? அவருக்குக் கோட்டுல வேல இல்ல போல எண்டு.”

கிளெமென்ற் சிரிக்கப் பார்த்தான். “உங்களுக்குக் கேக்குதோ?”

“கேக்காமயா? தலைக்கு மேலதானே. ரெண்டு மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தாது. லுஹர் தொழுதுட்டுச் சாய்வேன், தும்புத்தடிச் சத்தம் வரும். கதிரை இழுக்கிற சத்தம். பொறகு பக்கெட்.” பிறகு எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டவள் போல் அவசரமாக, “மாஷா அல்லாஹ். என்ட கண்ணே பட்டுராம” என்றாள்.

அவன் குப்பையைப் போட்டுவிட்டுக் கீழேயே கொஞ்ச நேரம் நின்றான். கல்கிசைப் பக்கம் போகிற ரயில் கடற்கரைப் பாதையில் கடந்து போனது. இரண்டு மணிக்கு அவன் புதுக்கடையில் இருப்பான். இன்றும் இருந்தான். மூன்றாம் இலக்கக் கோட்டில், ஒரு காணி வழக்குக்குத் திகதி எடுத்துக்கொண்டு.

மேலே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

“தாரி, மத்தியானத்தில உமக்குச் சத்தம் ஏதும் கேக்கிறதோ?”

அவள் முதலில் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. தலையணையில் முகத்தைப் புதைத்தாள்.

“பிடிபட்டுட்டீங்கள் என்ன? கீழ் வீட்டு அக்கா சொல்லியிருப்பா. நான் வாயே திறக்கேல்ல.”

“என்னத்தை?”

“நீங்கள் மத்தியானத்தில வந்து போறதை. ஒண்டே முக்காலுக்குத் திறப்புப் போடுற சத்தம் கேக்கும். பிறகு சப்பாத்தைக் கழட்டுறது. நான் நித்திரையெண்டு நினைச்சு அறைக்குள்ள வராமலே எல்லாத்தையும் செய்துபோட்டுப் போவீங்கள். முதல் நாள் எனக்கு அழுகை வந்திட்டுது. சொல்லோணும் எண்டுதான் இருந்தது. ஆனா நாவூறு. நல்லது நடக்கேக்க வாயால சொன்னா அது நிண்டுபோம். அதுதான் பின்னேரம் நீங்கள் வரேக்கையும் ஒண்டும் தெரியாத மாதிரிக் கிடந்தனான்.”

கிளெமென்ற் கட்டில் விரிப்பின் கரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

“அப்ப நீர் எழும்பவே இல்லை.”

“எழும்பினா நீங்கள் விடுவீங்களோ?” அவள் குரல் தணிந்தது. “கதைச்சனான்தானே. போன வியாழக்கிழமை.”

“என்ன கதைச்சனீர்?”

“மறந்துபோச்சே? இல்ல, என்னைக் கொண்டு திருப்பிச் சொல்லுவிக்கிறீங்களோ?” அவள் கூரையைப் பார்த்தாள். “முதல் பிள்ளையைப் பற்றி. அண்டைக்குக் காலமையே துடிப்பு நிண்டுட்டுது. எனக்குத் தெரியும். யோசெப்பின் மச்சாள் வீட்டில பிறந்தநாள், எல்லாரும் சந்தோசமா நிக்கினம், சொன்னாக் குழம்பிப்போம் எண்டு பின்னேரம் வரைக்கும் பேசாமல் இருந்தனான். மூண்டு வருசமா உங்களுக்குச் சொல்ல ஏலாமல் இருந்தது. முகத்தைப் பாத்தா வராது. கதவுக்கு அங்கால தும்புத்தடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதாலதான் சொன்னனான்.”

“நான் என்ன சொன்னனான்?”

“‘ஓம்’ எண்டு சொன்னீங்கள். அவ்வளவுதான். பிறகு கூட்டிக்கொண்டே இருந்தீங்கள். அதுதான் எனக்குப் பிடிச்சது. ஆறுதல் சொல்ல வந்திருந்தா நான் சண்டை பிடிச்சிருப்பன்.”

பல்கணியில் காயப் போட்டிருந்த உடுப்பு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த உடுப்பையும் அவன் தோய்க்கவில்லை. மூன்று வருடமாகத் தன் மனைவி தனக்குச் சொல்லாத ஒன்றை வேறு ஒன்று கேட்டிருக்கிறது, கேட்டு ‘ஓம்’ சொல்லியிருக்கிறது என்பதை அவன் வெகு நேரம் மனதுக்குள் வைத்துப் பார்த்தான். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அது நான் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவள் நாளைக்கு மத்தியானம் இந்தக் கட்டிலில் எப்படிக் கிடப்பாள்? பிரஷர் ஏறக்கூடாது, பயப்படுத்தக்கூடாது என்று கிளினிக்கில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அவனுக்குத்தான்.

“ஓம்” என்றான். “நான்தான்.”

“பின்ன வேற ஆர்?” என்றாள் தாரிகா.

இனி வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டதால் நாவூறு கழித்துவிட வேண்டும் என்று அடம் பிடித்தாள். அவனைக் கட்டிலோடு குந்த வைத்து, உப்பையும் மூன்று செத்தல் மிளகாயையும் கையில் பொத்தி, தலையை மூன்று தரம் சுற்றினாள். அவன் அதைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டான். மிளகாய் கருகி, சுருண்டு, சாம்பலாகியது. கமறவில்லை. இருமல் வரவில்லை. மூக்கை நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோனான். ஒன்றுமில்லை.

“மணக்கேல்லத்தானே?” அறையில் இருந்து குரல் வந்தது. “பாத்தீங்களே, எவ்வளவு நாவூறு பட்டுக் கிடந்திருக்கு!”

வேலை செய்தது வேறு ஒன்று, அவள் ஆளை மாற்றிச் சுற்றிவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை காலி வீதியில் பூட்டுத் திருத்துகிற ரிஸ்கானைக் கூட்டி வந்து முன்கதவுப் பூட்டை மாற்றினான். வீட்டுக்காரர் வெளிநாட்டில். பழைய திறப்பு யார் யாரிடம் இருக்கிறதோ. ரிஸ்கான் பழைய பூட்டைக் கையில் வைத்துப் பார்த்து, “இது நல்ல பூட்டு பொஸ், என்னத்துக்கு மாத்துறீங்க?” என்றான். புதுத் திறப்பு இரண்டு. ஒன்று தாரிகாவின் தலையணைக்குக் கீழே. மற்றது அவனுடைய சட்டைப் பையில். தும்புத்தடி, மொப், பக்கெட், எல்லாவற்றையும் பல்கணி அலுமாரியில் போட்டுப் பூட்டி, அந்தத் திறப்பையும் கோட்டுக்குக் கொண்டுபோனான். நாள் முழுக்கப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

பின்னேரம் ஐந்தரைக்குக் கதவைத் திறந்தபோது தரை ஈரமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த நான்கு கதிரைகளின் முதுகிலும் சிறு சிறு துணிச் சதுரங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைக்கென்று அவனுடைய பழைய சாறங்களைக் கிழித்து, தாரிகா படுத்தபடியே கரை தைத்த துணிகள். பிறக்க முன்னர் புதிதாக ஒன்றும் வாங்கக்கூடாது என்பதால் பிள்ளைக்கென்று வீட்டில் இருந்தது அது மட்டும்தான். அலசி, பிழிந்து, கரையோடு கரை பொருந்த விரித்திருந்தது. எவ்வளவு அலசியும் நடுவில் தரையின் கறுப்புப் போகவில்லை.

“ஏன் அந்தத் துணியால துடைச்சனீங்கள்?” தாரிகா கோபமாக இருந்தாள். “வேற துணியே கிடைக்கேல்லயா? கூப்பிட்டுக் கேட்டனான், மொப் எங்க எண்டு. நீங்கள் மறுமொழி சொல்லேல்ல.”

“அவசரத்தில எடுத்திட்டன்.”

“இனி அதைப் பிள்ளைக்குப் போட ஏலாது.”

“ஓம்” என்றான். தன் வாயில் இருந்து வந்த அந்த ‘ஓம்’ அவனுக்கே பிடிக்கவில்லை.

பல்கணி அலுமாரியைத் திறந்து பார்த்தான். மொப் காய்ந்து விறைத்துக் கிடந்தது.

அன்று சமைக்கும்போதுதான் அவனுக்கு விளங்கியது. விளங்கியது என்று நினைத்தான். இத்தனை நாளில், செய்த வேலை எதையும் அது திருப்பிச் செய்யவில்லை. விட்டுப் போன வேலையை மட்டுந்தான் செய்திருந்தது. கழுவாத சட்டி, மடிக்காத உடுப்பு, துடைக்காத தரை. வேலை மிச்சம் இருப்பதால்தான் வருகிறது. மிச்சம் இல்லாவிட்டால் எதற்கு வரும்? வழக்கு இல்லாத நாளில் கோட்டுக்கு யார் வருகிறார்கள்?

புதன்கிழமை விடிய முன்னரே எழும்பினான். கூட்டினான், துடைத்தான், கதிரைகளைத் தூக்கி அடியிலும் துடைத்தான். உடுப்புத் தோய்த்துப் பிழிந்து போட்டு, முதல் நாள் காய்ந்ததை மடித்து அடுக்கினான். மத்தியானத்துக்கும் இரவுக்கும் சமைத்து, சமைத்த சட்டியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தான். தாரிகாவின் சாப்பாட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி வைத்தான். குப்பையை இறக்கினான். சிங்கின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றதையும் துணியால் ஒற்றி எடுத்தான். இடது பக்கம் முழுவதும் ‘சரி’ போட்டான். எட்டு ‘சரி’.

“இண்டைக்கு என்ன, கலியாண வீடோ?” என்று தாரிகா கேட்டாள். அவளுடைய முகம் வெளிறியிருந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தவள், அவன் சப்பாத்து மாட்டுகிற அவசரத்தைப் பார்த்துவிட்டு, “கவனமாப் போயிட்டு வாங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

ஒன்று இருபதுக்கு, புதுக்கடையில் ஒரு சின்னக் கடையில் சோற்றைப் பிசைந்தபடி, அடுத்த நாள் வழக்குப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்த கோப்புகளுக்கு நேரே நீல ‘சரி’. ஒன்றே ஒன்று மட்டும் முடியாமல் நின்றது. அதை நாளைக்கு எடுப்பார்கள். முடியாததைத்தானே எடுப்பார்கள்.

பிசைந்த கை அப்படியே நின்றது.

பிரிட்ஜ் கதவில் இருந்த தாள் கண்ணுக்கு முன்னால் வந்தது. இடது பக்கம் நிரம்பியிருந்தது. வலது பக்கத்தில் ஒரே ஒரு வரி. அதற்கு நேரே ‘சரி’ இல்லை. அந்த வீட்டில் முடியாமல் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவனே தன் கையால் முடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

கை கழுவாமல் தெருவுக்கு ஓடினான். “மல்லி, வெள்ளவத்த. இக்மனட்ட” என்று சிங்களத்தில் அவசரப்படுத்தியபடி ஓட்டோவுக்குள் பாய்ந்தான். காலிமுகத்தைத் தாண்டினால் போதும் என்று நினைத்தான். ஓட்டோ கொள்ளுப்பிட்டியில் நெரிசலில் நின்றது. பம்பலப்பிட்டியில் நின்றது. தாரிகாவின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு மணி ஆகியது. இரண்டு ஐந்து. தெருவில் இறங்கி மிச்சத் தூரத்தை ஓடினான். படிகளில், இரண்டாம் மாடிக் கதவுக்கு அங்கால், ரபீக்கா அக்கா வானொலியை மெதுவாகப் போட்டிருந்தாள்.

புதுப் பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தான்.

முன்னறை காலையில் விட்டுப் போனபடியே இருந்தது. கதிரைகள், தரை, மடித்த உடுப்பு. தும்புத்தடிச் சத்தம் இல்லை. பக்கெட் சத்தம் இல்லை. எப்போதும் ஒருக்களித்துக் கிடக்கும் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. அதற்குள் தாரிகா யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தாள். நித்திரைக் குரல்.

“ஓம், இண்டைக்குச் சரியான பாரம்... முதுகெல்லாம் உளையுது...”

இடைவெளி.

“உங்களுக்கு வேலை ஒண்டும் இல்லையே? அப்ப கொஞ்ச நேரம் நீங்கள் வைச்சிருங்கோவன். நான் ஒருக்காப் படுத்தெழும்பிறன்.”

அவனால் அந்த வாசலைப் பார்க்க முடியவில்லை. குசினிக்குள் ஓடினான். அரிசி வாளியைத் தூக்கிக் கவிழ்த்தான். பருப்புப் போத்தலைக் கவிழ்த்தான். மா, சீனி, உப்பு, மல்லி, கைக்கு எட்டியதெல்லாம். கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளைத் தரையில் அடித்தான். தண்ணீர்ப் பானையைச் சரித்தான். “இந்தா” என்று கத்தினான். “இந்தா, இதைச் செய். இதைச் செய்.” கீழ் வீட்டில் வானொலி நின்றது.

பிறகு அறைக்குள் போனான்.

தாரிகா மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. வயிற்றில் எப்போதும் வைத்திருக்கும் இரண்டு கைகளும் வயிற்றில் இல்லை. கட்டிலின் மறுபக்கமாக, காற்றில் நீட்டியபடி இருந்தன. உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி, ஒரு குழந்தையைப் பக்குவமாக மற்றவர் கையில் கொடுக்கிறவள் போல. அவன் அந்தக் கைகளைப் பிடித்து வயிற்றின் மேல் திருப்பி வைத்து, தன் கைகளையும் அதன் மேல் வைத்து அழுத்தினான். குசினியில் அரிசி சரசரவென்று கேட்டது. வாளியில் மிச்சம் இருந்தது கொட்டுப்பட்டிருக்கலாம். கொட்டி முடியவும் அவ்வளவு நேரம் எடுக்கலாம்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். திரும்ப அவனைப் பார்த்தாள்.

“இப்பதானே அங்கால போனீங்கள்?”

“தாரி, பிள்ளை துடிக்குதோ?”

“சொன்னனான்தானே.”

“எனக்குச் சொல்லும்.”

“காலமையில இருந்து இல்ல. நீங்கள் அவசரமா வெளிக்கிட்டீங்கள், அதால அப்ப சொல்லேல்ல. இப்ப வந்த உடன சொன்னனான். ‘ஓம்’ எண்டீங்களே.”

“நான் சொல்லேல்ல. நான் இப்பதான் வந்தனான். ஒரு நாளும் மத்தியானத்தில நான் வரேல்ல, தாரி. ஒரு நாளும். நான் செய்யாததுக்கெல்லாம் ‘சரி’ போட்டு வைச்சனான். முந்தநாள் நான்தான் எண்டதும் பொய், நேற்றுச் சொன்னதும் பொய்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. அவன் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்து, காய்ந்த சோறு ஒட்டியிருந்த அவனுடைய வலது கையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது நீங்கள்தான்” என்றாள். “என்னைத் தூக்குங்கோ.”

முன்கதவில் ரபீக்கா அக்கா தட்டிக்கொண்டிருந்தாள். “தம்பி, என்ன ஒடஞ்சது? என்ன நடந்த?” கதவைத் திறந்ததும் அவள் தாரிகாவின் மறு தோளைப் பிடித்தாள். மூன்று பேருமாகப் படியிறங்கினார்கள். குசினிப் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஓட்டோவில் தாரிகா அவனுடைய கையைத் தன் வயிற்றில் இருந்து எடுக்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் கருவியை வைத்துத் தேடினார்கள். முதல் இடத்தில் இல்லை. இரண்டாவது இடத்தில் இல்லை. மூன்றாவது இடத்தில் கேட்டது. மெதுவாக, ஆனால் விடாமல். இரவு முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. காலை ஏழே முக்காலுக்குத் தாரிகாவை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கிளெமென்ற் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். எட்டு முப்பத்தைந்துக்குப் பிள்ளை பிறந்தது. பெண். இரண்டு கிலோ இருநூறு. தொப்புள்கொடி கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்ததாகவும், பிந்தியிருந்தால் கஷ்டம் என்றும் டொக்டர் சொன்னார். பிள்ளையை இரண்டு நாளைக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். தாரிகாவுக்கு இரத்தம் ஒரு பை ஏற்றினார்கள். பத்து மணிக்கு யோசெப்பின் கொட்டாஞ்சேனையில் இருந்து சோறு கட்டிக்கொண்டு வந்தாள். கிளெமென்ற் தன் சட்டத்தரணி சேருக்குத் தொலைபேசி எடுத்து ஒரு கிழமை லீவு கேட்டான். கொடுத்தார். மத்தியானம் உடுப்பு எடுக்க அக்காவும் அவனும் வெள்ளவத்தைக்குப் போனார்கள். குசினியில் அரிசியும் பருப்பும் மாவும் உடைந்த கோப்பைத் துண்டுகளும் கொட்டிய இடத்திலேயே கிடந்தன. தண்ணீர் பட்ட மா கட்டியாகியிருந்தது. எறும்பு வந்திருந்தது. இருவரும் கூட்டி அள்ளி முடிக்க நாலு மணியானது; இரண்டு மணிக்கு வேறு யாரும் வரவில்லை. ஐந்து மணிக்குத்தான் பார்க்க விடுவார்கள் என்பதால் பஸ்ஸிலேயே போனார்கள்.